சீறியாழ்

நுழையும்முன்

ஒன்றைக் கற்கத் தொடங்கும் நாளில் நம் கையில் தரப்படும் கருவி, அக்கல்வியை நாம் தொடர்வோமா கைவிடுவோமா என்பதைப் பல வேளைகளில் முடிவு செய்துவிடுகிறது. மகளுக்கு முதல் கிதார் வாங்கச் சென்ற தந்தை ஒருவர், தம் இளமைக்கால அனுபவத்தோடு இணைத்து அதனை எண்ணிப்பார்க்கிறார்.

நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் ஒரு நாள் என் மகள் என்னிடம் வந்து, "அப்பா, நான் கிட்டார் கத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். மதுரையில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் கடைசி வீட்டில் இசை ஆசிரியர் ஒருவர் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கிதார் கற்றுத்தருகிறார். அவ்வீட்டுச் சன்னலோரம் நின்று கேட்டுக் கேட்டே அவளுக்கு அந்த ஆசை வந்திருந்தது.

மகிழ்ச்சியோடு இசைவு தெரிவித்திருக்க வேண்டிய நான், சற்று நேரம் விடை சொல்லாமல் இருந்தேன். என்னை அறியாமலே என் பார்வை பரணை நோக்கிச் சென்றது. அங்கே, பழைய வேட்டி ஒன்றில் சுற்றப்பட்டு, முப்பத்தைந்து ஆண்டுகளாக யாரும் தொடாத ஒரு கிதார் கிடந்தது.

அப்பா வாங்கி வந்த கிதார்

எங்கள் சொந்த ஊர் சோழவந்தான் பக்கம். வைகைப் பாசனத்தால் நெல்லும் வாழையும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்கால்களும் செழித்த பகுதி அது. என் தந்தையார் கொடிக்காலில் வேலை செய்தார். வெற்றிலையைக் கிள்ளிக் கவுளிகளாக அடுக்கிக் கூடையில் கட்டி, விடியுமுன் ரயிலேறி மதுரைச் சந்தைக்குக் கொண்டு செல்வார். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் பாட்டென்றால் உயிர்.

அக்காலத்தில் எங்கள் ஊர்த் தேநீர்க்கடை வானொலியில் இளையராஜாவின் பாடல்கள் ஒலிக்காத நாளில்லை. அவர் பிறந்த பண்ணைப்புரம் அன்று மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே, அவர் 'நம்ம மாவட்டத்துக்காரர்' என்னும் பெருமை எங்கள் எல்லாருக்கும் உண்டு. அவர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர் என்பதும், இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார்த் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றவர் என்பதும் யாரோ சொல்லி என் தந்தையின் காதுக்கு எட்டியிருந்தன. பாடல்களில் கிதார் ஒலிக்கும் இடம் வந்தால், கையிலிருக்கும் தேநீரைக் குடிக்காமல் நின்றுவிடுவார்.

1988ஆம் ஆண்டு, எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது, சந்தையிலிருந்து திரும்பிய அவர் தோளில் வெற்றிலைக் கூடைக்குப் பதிலாக ஒரு கிதார் இருந்தது. யாரோ பயன்படுத்தி விற்றுவிட்டுப் போனது. பல வாரக் கூலியை அதற்குக் கொடுத்திருந்தார். அதை என் மடியில் வைத்துவிட்டு, எதிரே சம்மணமிட்டு அமர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கிதார் என் மோவாய் வரை உயர்ந்து நின்றது. வலக்கையை அதன்மேல் போடுவதற்குத் தோளைத் தூக்க வேண்டியிருந்தது. "நல்லாயிருக்குப்பா" என்றேன்.

எங்கள் ஊர்த் தேவாலயத்தில் கிதார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கற்றுத்தந்தார். உருக்குத் தந்திகள் கழுத்துப்பலகையைவிட்டு மிக உயரத்தில் நின்றன. விரலால் முழு வலுவோடு அழுத்தினாலும் தெளிந்த ஒலி எழவில்லை. 'தடக்' என்னும் மங்கிய ஓசையே வந்தது. இரண்டாம் வாரத்தில் விரல்நுனிகள் வெட்டுண்டு இரத்தம் கசிந்தது. "பழகப் பழகச் சரியாயிடும் தம்பி" என்றார் அந்த இளைஞர். மூன்று மாதம் பழகினேன், சரியாகவில்லை. ஒருநாள் கிதாரைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு வகுப்புக்குப் போகாமல் இருந்துவிட்டேன்.

என் தந்தை என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "சரி, விடுப்பா. நம்ம கைக்கு அது வரல போல" என்றார். 'உன் கைக்கு' என்னாமல் 'நம்ம கைக்கு' என்று அவர் சொன்னது என்னை நெடுநாள் வருத்தியது. அவரே அதைத் தம் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றினார். அன்றிலிருந்து, 'எனக்கு இசை வராது' என்பது என்னைப் பற்றி நான் ஐயமின்றி அறிந்த ஓர் உண்மையாயிற்று. பள்ளியில் கூட்டுப்பாடலுக்கு அழைத்தாலும் ஒதுங்கிக்கொள்வேன்.

வளரும் பிள்ளை

மகளின் விருப்பத்துக்கு இசைந்து, நகரின் நடுவிலிருந்த இசைக்கருவிக் கடை ஒன்றுக்கு அவளை அழைத்துச் சென்றேன். சுவர் முழுதும் கிதார்கள் தொங்கின. என் கண் தேன்நிறத்தில் பளபளத்த ஒரு பெரிய கிதார்மேல் நின்றது. அதன் பக்கத்திலேயே சிறிய கிதார்களும் இருந்தன. விலையில் பெரிய வேறுபாடில்லை. "வளர்ற பிள்ளைதானே, பெரிசாவே வாங்கிடலாம்" என்று என் மனம் கணக்குப் போட்டது.

இந்தக் கணக்கு நம் குடும்பங்கள் எல்லாவற்றிலும் உண்டு. பள்ளிச் சீருடையை நான்கு விரற்கடை கூடுதலாகத் தைத்து, ஓரத்தை மடித்து அடித்து, ஆண்டுக்கொரு மடிப்பைப் பிரித்துவிட்டு வளர்ந்தவர்கள்தாம் நாம். செருப்பையும் ஓர் அளவு பெரியதாக வாங்கி முன்புறம் துணியை அடைத்துக்கொண்டோம். அது வறுமையில் பிறந்த அறிவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால், கிதாரின் கழுத்தை மடித்துத் தைக்க முடியாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

"பாப்பா, இந்த நாற்காலியில உக்காரு" என்று கடைக்காரர் அந்தப் பெரிய கிதாரை மகளின் மடியில் வைத்தார். அவள் ஏறத்தாழ அதன் பின்னால் மறைந்துபோனாள். வலத்தோள் காதுவரை உயர்ந்தது. இடக்கையை முழுதாக நீட்டியும் கழுத்தின் முதல் மெட்டை அவளால் எட்ட இயலவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அது பிடித்திருக்கிறது என்பதைக் கண்டுகொண்டாள். சிரித்துக்கொண்டே, "பரவாயில்லப்பா, நான் வளர்ந்துருவேன்ல" என்றாள்.

அந்தக் குரலை நான் அறிவேன். 1988இல் என் தந்தையின் எதிரே அமர்ந்து "நல்லாயிருக்குப்பா" என்று சொன்ன குரல் அது. பிள்ளைகள் பெற்றோரின் ஆசையைக் காயப்படுத்த விரும்பாமல், தம் கைக்குப் பொருந்தாததையும் ஏற்றுக்கொள்கிறார்கள். பிறகு அது பொருந்தாதபோது, பழியையும் தாமே ஏற்கிறார்கள். "நாளைக்கு வர்றோம்ணே" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினோம்.

அளவும் உயரமும்

அன்று மாலை தெருமுனை ஆசிரியரிடம் சென்று, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டேன். அவர் தம் கிதாரை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார்.

இன்று நாம் காணும் செவ்வியல் கிதாருக்கு வடிவம் தந்தவர் 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் என்னும் கைவினைஞர். முழு அளவுக் கிதாரில், கழுத்தின் உச்சியில் தந்திகள் படியும் இடத்திலிருந்து குதிரை வரையிலான நீளம் ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். இது வளர்ந்தவர் கைக்கான அளவு. பிள்ளைகளுக்கென முக்கால், அரை, கால் எனச் சிறிய அளவுகளும் செய்யப்படுகின்றன. முக்கால் கிதாரில் தந்தி நீளம் 580 மில்லிமீட்டர் அளவிலும், அரைக் கிதாரில் 530 மில்லிமீட்டர் அளவிலும் இருக்கும். முக்கால் என்றாலும் நீளம் முக்கால் பங்காகக் குறைவதில்லை. பெயர் வழக்கில் வந்தது, அவ்வளவே. பொதுவாக எட்டு முதல் பதினொரு வயது வரை முக்கால் அளவும், அதற்கும் இளையோர்க்கு அரை அளவும் பொருந்தும். ஆயினும், வயதைக் காட்டிலும் கைதான் சரியான அளவுகோல். மடியில் வைத்தால் வலத்தோள் உயராமல் முழங்கை கிதாரின்மேல் படிய வேண்டும். இடக்கை முழுதும் நீளாமல், முழங்கை சற்று மடிந்த நிலையிலேயே முதல் மெட்டைத் தொட வேண்டும்.

அடுத்தது தந்தி. உருக்குத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் எடை இழுக்கும் அளவு விசையோடு விறைத்து நிற்கின்றன. நைலான் தந்திகளில் இவ்விசை 40 கிலோகிராம் அளவே. முற்காலத்தில் ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்த நரம்புகளையே கிதாரில் கட்டினர். 1940களில் நைலான் அவ்விடத்தைப் பிடித்தது. நைலான் தந்தி பருமனானது, வழவழப்பானது; இளம் விரல்நுனியை வெட்டாது.

மூன்றாவது, பலரும் பார்க்கத் தவறுவது, தந்தியின் உயரம். கிதாரின் பன்னிரண்டாம் மெட்டு தந்தி நீளத்தின் சரிபாதியில் இருக்கிறது. அவ்விடத்தில் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே, நைலான் தந்தியாயின் மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி போதும். உருக்குத் தந்தியாயின் அதனினும் குறைவாக இருக்க வேண்டும். காலப்போக்கில் தந்திகளின் இழுவிசையால் கழுத்து வளைந்தும் மேற்பலகை புடைத்தும் இந்த இடைவெளி கூடிவிடும். கூடினால், அழுத்துவதற்குப் பெரியவர் கைக்கே வலுப் போதாது. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டினால், வெறுந்தந்தி தரும் ஒலியின் மேல்நிலைச் சுரம் பிசகின்றி ஒலிக்க வேண்டும். பிசகினால் பிள்ளையின் செவி தவறான சுரத்தையே சரியென்று பழகிக்கொள்ளும்.

பலகையைப் பற்றியும் ஒரு செய்தி சொன்னார். விலையுயர்ந்த கிதார்களின் மேற்பலகை ஒரே மரத்தகட்டால் ஆனது. ஒலி இனிமையாக இருக்கும். மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்த பலகையின் ஒலி அதனினும் சற்றுக் குறைவு. ஆனால், கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நம் மதுரை வெயிலையும் வறண்ட காற்றையும் அதுவே நன்றாகத் தாங்கும். முதல் கருவிக்கு அது போதும். அதையும் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளோ மொட்டைமாடி அறையிலோ வைத்துவிட்டால், பசை இளகிக் குதிரை பெயர்ந்துவிடும் என்று எச்சரித்தார்.

அவர் சொல்லி முடித்தபோது, பரணில் கிடந்த கிதார் அவர் சொன்ன ஒவ்வொரு குறிப்புக்கும் எதிர்க்காட்டாக என் நினைவில் வந்து நின்றது.

சீவகன் தள்ளிய யாழ்கள்

கருவியைத் தேர்ந்தெடுத்தல் நமக்குப் புதிதன்று. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையுடன் யாழ்ப்போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் கொண்டுவந்து வைக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்குகிறான். ஒன்றின் மரம் நீரில் நின்று இளகியது. மற்றொன்று வாளால் வெட்டுண்டது. வேறொன்று இடி விழுந்த மரத்தில் செய்யப்பட்டது. நரம்பின் முறுக்கைப் பிரித்து, உள்ளே மறைந்திருந்த மயிரையும் எடுத்துக் காட்டுகிறான். மாணவனாகப் படித்தபோது இதனைக் காப்பியத் தலைவனின் கலைத்திறத்துக்குச் சான்றாக மட்டுமே கொண்டேன். இப்போது வேறொன்றும் புலப்பட்டது. குறையுள்ள கருவியில் சீவகனாலும் வெல்ல இயலாது. அதை அறிந்திருந்ததால் அவன் கருவியைக் குறைகூறத் தயங்கவில்லை. பதினொரு வயதுச் சிறுவனுக்கு அந்த அறிவு இல்லை. அவன் தன் கையைக் குறைகூறினான்.

சங்க காலப் பாணர்கள் இரண்டு வகை யாழ்களைப் போற்றினர். ஒன்று பேரியாழ், மற்றொன்று சிறிய யாழாகிய சீறியாழ். சீறியாழ் இசைத்தோர் சிறுபாணர் என்றும், பேரியாழ் இசைத்தோர் பெரும்பாணர் என்றும் பெயர் பெற்றனர் என்பர். பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன. சீறியாழ் என்பது வளரும்வரை வைத்துக்கொள்ளும் பேரியாழ் அன்று. தனக்கென இசையும் மரபும் உடைய கருவி. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயன் ஒருவன், குமிழமரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல்நாரை நரம்பாகக் கட்டித் தானே வில்யாழ் செய்து வாசிக்கிறான். அவன் கைக்கு அது பொருந்தியது; போதுமானதாகவும் இருந்தது.

மறுநாள் அதே கடைக்குச் சென்று, நைலான் தந்தி கட்டிய முக்கால் அளவுக் கிதார் ஒன்றை மகளின் மடியில் வைத்துப் பார்த்தோம். அவள் தோள் உயரவில்லை. முதல் மெட்டில் விரலை வைத்து மீட்டினாள். தெளிவான ஒலி ஒன்று எழுந்தது. இம்முறை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கருவியையே பார்த்தாள்.

பரணிலிருந்து இறங்கியது

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கிதாரைப் பரணிலிருந்து இறக்கினேன். மாசிவீதிப் பக்கம் ஒரு சந்தில் இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் முதியவரிடம் கொண்டு சென்றேன். அவர் வேட்டியைப் பிரித்து, கிதாரைக் கண்மட்டத்தில் பிடித்துக் கழுத்தின் வழியே ஒரு கண்ணால் நோக்கினார். பிறகு சிறிய அளவுகோலைப் பன்னிரண்டாம் மெட்டில் நிறுத்தினார். இடைவெளி ஏழு மில்லிமீட்டர் இருந்தது.

"இது எப்ப வாங்கினது?"

"1988ல ஐயா. வாங்கும்போதே பழசு. அப்பவும் தந்தி இப்படித்தான் இருந்துச்சு."

"யாரு வாசிச்சது?"

"நான்தான். பதினொரு வயசுல."

அவர் கிதாரை மடியில் கிடத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதுல வாசிச்சா எனக்கே கை நோகும் தம்பி. சின்னப்புள்ள என்ன செய்யும்?" என்றார்.

நான் விடை சொல்லவில்லை. என் தந்தையார் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் கைக்கு வராததன் காரணம் இதுதான் என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. கழுத்தின் வளைவையும் தந்தியின் உயரத்தையும் பார்த்து வாங்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வெற்றிலையின் முதிர்ச்சியை விரலால் தொட்டே சொல்லக்கூடிய அவருக்கு, இந்தப் பொருளின் நுணுக்கம் மட்டும் தெரிந்திருக்க வழியில்லை.

"இதைச் சரிபண்ண முடியுமாய்யா?" என்று கேட்டேன்.

"பண்ணலாம். செலவு கிட்டார் விலையைத் தாண்டிரும். ஆனா, அப்படியே வச்சும் வாசிக்கலாம்" என்று சொல்லி, மெல்லிய தந்திகளை மாற்றிக் கட்டினார். கிதாரை மடியில் மல்லாத்தி வைத்தார். வழவழப்பான உருக்குத் துண்டு ஒன்றை எடுத்துத் தந்தியின்மேல் மெல்ல நகர்த்தியபடி மீட்டினார். மெட்டுகளைத் தொடாமல், ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு ஒலி வழுக்கிச் சென்றது. ஹவாய்த் தீவுகளிலிருந்து பரவிய கிதார்முறை இது. நம் கோட்டுவாத்தியம் என்னும் சித்திரவீணையும் மெட்டுகள் இன்றி இவ்வாறே இழைத்து வாசிக்கப்படுகிறது. இம்முறையில் அமைந்த மோகனவீணையால்தான் விசுவமோகன் பட் உலகப்புகழ் பெற்றார். இதற்குத் தந்திகள் உயரமாக நிற்பதே நல்லது. விரலால் அழுத்திக் கற்கும் சிறுவனுக்குத் தீங்காயிருந்த அதே உயரம், இவ்வகை வாசிப்புக்குத் துணையாயிருந்தது.

இரு வகை வலிகள்

மகள் கிதார் கற்கத் தொடங்கி இப்போது ஆறு வாரங்கள் ஆகின்றன. ஒரு மாலையில் அவள் இடக்கை விரல்நுனிகளில் தந்தி பதிந்த கோடுகளைக் கண்டு என் நெஞ்சு துணுக்குற்றது. "வலிக்குதாம்மா?" என்றேன். "கொஞ்சம் வலிக்குது. ஆனா போன வாரத்தை விடக் கம்மிப்பா" என்றாள்.

ஆசிரியரிடம் கேட்டேன். நல்ல கருவியானாலும் தொடக்கத்தில் விரல் நோகும். சில வாரங்களில் நுனித்தோல் தடித்து வலி அடங்கிவிடும் என்றார். வலியே இல்லாத கல்வி இல்லை போலும். ஆனால், நாளுக்கு நாள் குறையும் வலி வேறு. மூன்று மாதம் கழிந்தும் குறையாத வலி வேறு. முன்னது கை பழகுவதன் அடையாளம். பின்னது, கருவியோ அளவோ முறையோ பொருந்தவில்லை என்பதன் அறிவிப்பு. என் இளமையில் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல அருகில் யாரும் இல்லை. கணக்கு வராது, ஆங்கிலம் வராது, படம் வராது என்று தம்மைப் பற்றித் தாமே தீர்ப்பெழுதிக்கொண்ட நண்பர்கள் பலரை நான் அறிவேன். அவர்களுள் எத்தனை பேர் கையில் முதலில் தரப்பட்டது ஏழு மில்லிமீட்டர் உயரத்தில் தந்தி நின்ற கிதாரோ என்று இப்போது எண்ணிக்கொள்கிறேன்.

சில மாலைகளில் மகள் முற்றத்தில் அமர்ந்து பாடம் பழகும்போது, நானும் பழைய கிதாரை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உருக்குத் துண்டை நகர்த்திப் பார்க்கிறேன். பெரும்பாலும் பிசகுகிறது. "அப்பா, அந்தச் சுரம் கொஞ்சம் மேல" என்று அவள் திருத்துகிறாள். திருத்திக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் அவள் கை நீண்டுவிடும்; பெரிய கிதார் கேட்பாள். அன்றும் அவள் மடியில் வைத்துப் பார்த்தே வாங்குவோம். இந்தச் சிறிய கிதாரைப் பரணில் ஏற்ற மாட்டோம். அதற்குள் எங்கள் தெருவில் வேறொரு பிள்ளை, கடைசி வீட்டுச் சன்னலோரம் நின்று கேட்கத் தொடங்கியிருக்கும்.